தண்ணீர்த் தொட்டி அருகே ஒரு பல்கலைக்கழகம்



2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள், கோவிட் நோயின் காரணமாக நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. பல்கலைக்கழகங்களில் தங்கிப் படித்த பிள்ளைகளும் பிறகு வீடு திரும்பினார்கள். எங்கள் தோட்டத்திற்கும் ஒரு பெண் திரும்பி வந்தாள். என்னிடம் ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். லயத்து வீட்டுக்குள் கைப்பேசிக்கு லைன் எட்டவில்லை. மேட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில்தான் எட்டியது. பழைய பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டுக்கொண்டு அங்கேதான் அவள் பாடம் கேட்டாள். (நம் மக்களுக்கு இந்த ஆங்கிலச் சொல் இரண்டு முறை வந்து சேர்ந்திருக்கிறது. முதலில் வீட்டு வரிசையாக வந்து 'லயம்' ஆயிற்று. இப்போது கைப்பேசியில் வந்து 'லைன்' ஆகியிருக்கிறது.)

ஒருநாள் மாலை அவளுடைய தாயார் என்னிடம் கேட்டார்: “டீச்சர், யூனிவர்சிட்டி பினாங்குல இருக்கு. இவ தண்ணித் தொட்டிகிட்ட உக்காந்திருக்கா. படிப்பு எங்க டீச்சர் நடக்குது?”

பால்மரம் வெட்டிய கையோடு, பிறகு செம்பனைக் காட்டில் உரம் போட்ட கையோடு வாழ்ந்த அந்த அக்கா கேட்ட கேள்வி சாதாரணக் கேள்வி அன்று. அதற்கு விடை சொல்வதற்கு நாம் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

பேராக் மாநிலத்தின் இரப்பர்த் தோட்டங்களில் பள்ளிக்கூடம் பிள்ளையைத் தேடி வந்தது என்றே சொல்லலாம். கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி அமைத்துத் தர வேண்டும் என்று விதித்தது. ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஓர் அறை, ஒரு கரும்பலகை, கணக்குப் பார்க்கும் கிராணியோ எழுத்தறிந்த ஒரு கங்காணியோ ஆசிரியர் என்று பல இடங்களில் அது நடந்தது. குறைகள் நிறைய. ஆனாலும் பிள்ளை நடந்து போகும் தூரத்தில் பள்ளி இருந்தது. அதற்கு மேற்பட்ட படிப்புக்குத்தான் தூரம் குறுக்கே நின்றது. சுங்கை சிப்புட்டிலிருந்தோ தெலுக் இந்தானிலிருந்தோ ஈப்போவுக்குப் பேருந்துக் கட்டணம் கொடுப்பதே பாரமாக இருந்த குடும்பத்திற்குப் பல்கலைக்கழகம் என்பது வேறு உலகம்.

தூரத்தை வெல்லும் முயற்சி உலகில் பழையது. 1840ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பென்னிக்கு நாடெங்கும் கடிதம் போகும் தபால் முறை வந்தது. உடனே ஐசக் பிட்மன் என்பவர் தாம் கண்டுபிடித்த சுருக்கெழுத்தைத் தபால் வழியே கற்பிக்கத் தொடங்கினார். மாணவர் எழுதி அனுப்புவார். அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். 1858இல் லண்டன் பல்கலைக்கழகம், தன்னிடம் வந்து தங்கிப் படிக்காதவர்களும் தேர்வெழுதிப் பட்டம் பெறலாம் என்று கதவைத் திறந்தது. இந்தியாவில் 1962இல் டில்லி பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொலைவிலிருந்து படிக்கும்போது ஒரு கேள்வி முதல்நாளே எழுந்துவிடுகிறது. விடைத்தாளை எழுதியது இந்த மாணவர்தானா? அந்தக் காலத்தில் அதற்குப் பூட்டிய உறை, அரக்கு முத்திரை, கண்காணிப்பாளர் முன்னிலையில் உறையைப் பிரித்தல் என்று ஏற்பாடு செய்தார்கள். இன்று நாம் 'இணையப் பாதுகாப்பு' என்று பேசுவதன் பாட்டன் அந்த அரக்கு முத்திரைதான்.

இன்னொரு கேள்வியும் அப்போதே எழுந்தது. கருவி பழுதுபட்டால் யார் சரிசெய்வது? இதற்கு எனக்கு மிகவும் பிடித்த வரலாறு ஆஸ்திரேலியாவில் நடந்தது.

அந்நாட்டின் நடுப்பகுதி பாலைவனம். ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் இடையே நூறு மைலும் இருக்கும். 1920களின் இறுதியில் ஆல்ஃபிரட் டிரேகர் என்பவர் கால்மிதியால் மின்சாரம் எடுக்கும் வானொலிக் கருவி ஒன்றை உருவாக்கினார். தையல் இயந்திரத்தை மிதிப்பதுபோல் மிதித்தால் கருவி வேலை செய்யும். நோயாளிக்கு மருத்துவரை அழைப்பதற்காகச் செய்த கருவி அது. டிரேகர் கருவியைச் செய்து அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தாமே பண்ணை பண்ணையாகப் போய்ப் பொருத்திக் கொடுத்தார். அங்குள்ளவர்களுக்குத் தந்திக் குறியீட்டைச் சொல்லிக் கொடுத்தார். அது பலருக்கும் கடினமாக இருக்கிறது என்று கண்டதும், தட்டச்சுப் பொறிபோல் எழுத்தைத் தட்டினால் குறியீடு தானே போகும் ஒரு விசைப்பலகையையும் செய்து கொடுத்தார். பயன்படுத்துகிறவர் தடுமாறினால் குற்றம் அவர்மேல் இல்லை, கருவியை எளிதாக்க வேண்டும் என்று நினைத்த மனிதர் அவர். தொழில்நுட்ப உதவி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த வானொலி வலையைக் கொண்டே 1951 ஜூன் மாதம் அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் 'வானொலிப் பள்ளி' தொடங்கியது. அடிலெய்ட் மீத்கே என்ற கல்வியாளரின் யோசனை அது. பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே ஆசிரியையின் குரலைக் கேட்டார்கள். தாங்களும் பதில் சொன்னார்கள். ஆனால் வானொலி அலை எல்லோருக்கும் பொது. ஒரு பிள்ளை கணக்கைத் தவறாகச் சொன்னால் சுற்றியுள்ள பண்ணைகள் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும். நம் லயத்தில் ஒரு வீட்டில் பேசுவது பத்து வீட்டுக்குக் கேட்பதுபோல. இரகசியம் இல்லாத பள்ளிக்கூடம் அது.

இந்தக் கதைக்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் வளர்ந்து, சிறுவயதில் இந்த வானொலிப் பள்ளி முறையில் படித்த மார்ட்டின் டூகியாமாஸ் என்பவர்தான், 2002இல் 'மூடல்' என்ற கணினி நிரலை வெளியிட்டார். பாடக் குறிப்பு, ஒப்படைப்பு, வினாவிடை, கலந்துரையாடல் எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைக்கும் நிரல் அது. அதை இலவசமாகவே கொடுத்தார். இன்று மலேசியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும் பிள்ளைகள் பாடம் படிக்க நுழையும் வாசல் அதுதான்.

நம் நாட்டுக்கு வருவோம். 1969இல் பினாங்கில் தோன்றிய பல்கலைக்கழகம் பிறகு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் ஆயிற்று. அங்கே 1971இல் வளாகத்திற்கு வெளியே இருந்து படிக்கும் திட்டம் தொடங்கியது. மலேசியாவில் பல்கலைக்கழக அளவிலான தொலைக்கல்வியின் தொடக்கம் இதுவே. அதே 1971இல்தான் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தன் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அங்கே வானொலியும் தொலைக்காட்சியும் பாடம் நடத்தின. இங்கே அச்சிட்ட பாடநூல் கட்டுகள் தபாலில் வந்தன. வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்கள் ஆண்டுக்கொரு முறை பினாங்கு சென்று தீவிர வகுப்பில் உட்கார்ந்தார்கள். அவர்களில் ஆசிரியர்கள் நிறைய. பகலில் மற்றவர் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துவிட்டு, இரவில் தம் பாடத்தைப் புரட்டியவர்கள்.

மறு ஆண்டு, 1972 ஜூன் 19இல், கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. தோட்டங்களுக்கு அது முழுமையாக எட்டியது என்று சொல்ல மாட்டேன். நான் சிறுமியாக இருந்த 1980களில்கூட எங்கள் தோட்டத்தில் மின்சாரம் தோட்டத்து எஞ்சினிலிருந்துதான் வந்தது. மாலையில் ஓடும், இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். பகலில் நடக்கும் கல்வி நிகழ்ச்சியை எந்த மின்சாரத்தில் பார்ப்பது? ஆகவே எங்கள் வீட்டில் பாடம் சொன்னது பேட்டரியில் ஓடிய வானொலிப்பெட்டிதான். கருவி இருப்பது வேறு, கருவி ஓடுவது வேறு என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகள் அப்போதே கற்றுக்கொண்டோம்.

2000ஆம் ஆண்டு, 11 அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை அமைத்தன. 2006இல் பினாங்கில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. ஈப்போவிலும் இவற்றின் கற்றல் நிலையங்கள் அமைந்தன. கல்லூரியில் பயிற்சி பெற்று டிப்ளோமாவோடு வேலைக்கு வந்த என்னைப் போன்ற ஆசிரியர்கள் பட்டம் பெற்றது இத்தகைய தொலைக்கல்வி வழியாகத்தான். வார இறுதியில் ஈப்போவில் வகுப்பு. மற்ற நாள்களில் கணினியில் ஒப்படைப்பு.

எனக்கு அப்போது நேர்ந்ததைச் சொல்கிறேன். நான் படித்த நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஒப்படைப்பை அனுப்பக் கடைசி நாள் ஒரு ஞாயிறு நள்ளிரவு. இரவு ஒன்பது மணிக்குக் கடவுச்சொல்லை ஏற்க மறுத்தது கணினி. உதவி எண்ணுக்குத் தொலைபேசி செய்தால், அலுவலக நேரம் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை என்று பதிவு செய்த குரல் சொல்லிற்று. வேலை செய்கிறவர்களுக்காகத் தொடங்கிய கல்வியில், உதவிக்கு ஆள் இருப்பது நாங்கள் வேலையில் இருக்கும் நேரத்தில் மட்டும்! அன்றிரவு நான் அழுதேன். மறுநாள் காலை பள்ளி இடைவேளையில் மீண்டும் அழைத்தேன். எடுத்தவர் அடையாள அட்டை எண்ணைக் கேட்டார், மாணவர் எண்ணைக் கேட்டார், நான் எடுத்த பாடங்களைக் கேட்டார். எனக்கு எரிச்சல். “என் கடவுச்சொல் என்னவென்று பார்த்துச் சொன்னால் போதுமே” என்றேன். “அது எங்களுக்கே தெரியாது, டீச்சர். புதிதாக மாற்றித்தான் தர முடியும்” என்றார்.

அவர் சொன்னது உண்மை என்பது பிறகுதான் புரிந்தது. கடவுச்சொல்லைக் கணினி எப்படி வைத்திருக்கிறது என்பதை இரப்பர் தெரிந்தவர்களுக்குச் சொல்வது எளிது. மரத்துப் பாலில் ஆசிட் ஊற்றினால் அது உறைந்து ஷீட் ஆகிறது. ஷீட்டை என்ன செய்தாலும் மறுபடி பால் ஆக்க முடியாது அல்லவா? நல்ல பல்கலைக்கழகக் கணினி, நாம் கொடுத்த சொல்லை அப்படியே வைப்பதில்லை. உறைய வைத்த வடிவத்தைத்தான் வைக்கிறது. நாம் மறுபடி சொல்லைத் தட்டும்போது அதையும் உறைய வைத்து, இரண்டும் ஒன்றா என்று மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஆகவே அங்கே உட்கார்ந்திருக்கும் உதவியாளர் நம் சொல்லைப் படிக்க முடியாது.

தொடக்கத்தில் இப்படி இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் 1960களின் தொடக்கத்தில் பலர் ஒரே கணினியைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை வந்தபோதுதான் ஆளுக்கொரு கடவுச்சொல் என்ற ஏற்பாடு உருவானது. சொற்களை அப்படியே ஒரு கோப்பில் வைத்திருந்தார்கள். 1962இல் ஆய்வு மாணவர் ஒருவர் அந்தக் கோப்பை அச்செடுத்துவிட்டார். அவருக்குப் பணம் வேண்டியிருக்கவில்லை. தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதவில்லை, மற்றவர் நேரத்தையும் எடுத்துக்கொள்ளப் பார்த்தார். கடவுச்சொல் திருட்டு பல்கலைக்கழகத்திலேயே பிறந்தது என்றால் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

இப்போது தண்ணீர்த் தொட்டிக்குத் திரும்புவோம்.

2020இல் கல்வி அமைச்சு சுமார் 9 இலட்சம் பள்ளி மாணவர்களின் பெற்றோரிடம் விவரம் திரட்டியது. அவர்களில் 36.9 விழுக்காட்டினரிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. கருவி வைத்திருந்த பலருக்கும் அது அப்பாவின் கைப்பேசிதான். அப்பா வேலைக்குப் போனால் அதுவும் போய்விடும். சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி தேர்வெழுத மரத்தின்மேல் ஏறி இரவைக் கழித்த செய்தியை அப்போது நாடே பேசியது. 2021 இறுதியில் நாட்டில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. 4ஜி வேகமானது என்பது சரிதான், ஆனால் பழைய கைப்பேசி வைத்திருந்த வீட்டில் இணையம் அன்றோடு நின்றது.

எங்கள் தோட்டத்துப் பெண்ணுக்கு வந்த துன்பம் வேறு வகை. இரண்டாம் ஆண்டில் ஒருநாள் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பல்கலைக்கழகத்தின் சின்னம் மேலே இருந்தது. “உங்கள் கணக்கு 24 மணி நேரத்தில் மூடப்படும், இங்கே அழுத்தி உறுதி செய்யுங்கள்” என்றிருந்தது. அவள் அழுத்தினாள். கடவுச்சொல்லைக் கொடுத்தாள். மறுநாள் அவள் பெயரில் அதே பொய் மின்னஞ்சல் அவள் தோழிகளுக்கெல்லாம் போயிருந்தது. அவளாலேயே உள்ளே நுழைய முடியவில்லை. ஒப்படைப்புக்கு நான்கு நாள் இருந்தது.

அவளுடைய தாயார் என்னைத் தேடி ஓடி வந்தார். “இத்தனை வருஷம் படிச்சதெல்லாம் போயிடுச்சா டீச்சர்?” என்று கேட்டார். ஒரு வீட்டின் பத்தாண்டு உழைப்பு ஒரு சொல்லில் தொங்குகிறது என்பதை அன்று அந்த முகத்தில் பார்த்தேன். பல்கலைக்கழகத்தின் உதவிப் பிரிவை அழைத்தோம். இம்முறை எடுத்தவர் பொறுமையானவர். காணொலியில் அடையாள அட்டையையும் மாணவர் அட்டையையும் முகத்திற்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். கணக்கை மீட்டுக் கொடுத்தார். கடவுச்சொல்லோடு கைப்பேசிக்கு ஓர் எண்ணும் வரும்படி இரண்டாவது பூட்டு ஒன்றையும் போடச் சொல்லிக் கொடுத்தார். அந்த எண்ணை யார் கேட்டாலும், தம் பெயரைச் சொல்லி ஒருவர் கேட்டாலும், சொல்லாதே என்றார். இரண்டு நாள் போயிற்று. ஒப்படைப்பு நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

பொய் ஆளையும் மெய் ஆளையும் எப்படிப் பிரித்தறிவது என்று பெற்றோர் என்னைக் கேட்கிறார்கள். நான் சொல்வது இதுதான். உண்மையான உதவியாளர் நீங்கள் யார் என்று கேட்பார், உங்கள் கடவுச்சொல்லைக் கேட்க மாட்டார். பொய் ஆள் முதலிலேயே அதைத்தான் கேட்பான், அதோடு அவசரப்படுத்துவான். சந்தேகம் வந்தால் வைத்துவிட்டு, பிள்ளையின் மாணவர் அட்டையிலோ சேர்க்கைக் கடிதத்திலோ இருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 997 என்ற எண்ணை அழைக்கலாம். தேசிய மோசடித் தடுப்பு மையம் 2022 அக்டோபரில் அதற்காகவே அமைந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் எனக்குப் பல்கலைக்கழகங்கள்மேல் சற்றே வருத்தம். தேர்வில் ஏமாற்றக்கூடாது என்பதற்காகச் சில இடங்களில் பிள்ளை கேமராவின் முன் உட்கார்ந்து எழுத வேண்டும், அறை முழுவதையும் சுற்றிக் காட்ட வேண்டும். பழைய அரக்கு முத்திரையின் வேலையை இப்போது கேமரா செய்கிறது. லயத்து வீட்டில் அறை எத்தனை? பாட்டி படுத்திருப்பார், தம்பி சட்டையில்லாமல் ஓடுவான், கயிற்றில் துணி காயும். இத்தனையும் முன்பின் தெரியாத ஒருவர் பார்வைக்குப் போகிறது. இது நம் வீட்டுக் கூச்சம் மட்டும் அன்று. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கிளீவ்லாந்து அரசுப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். தேர்வுக்குமுன் படுக்கையறையைக் கேமராவில் காட்டச் சொன்னது அந்நாட்டு அரசமைப்புச் சட்டத்திற்கு மாறானது என்று 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு நம் நாட்டில் செல்லாது. ஆனால் கேட்கக்கூடிய கேள்விதான் என்பதற்கு அது சான்று. பாதுகாப்பு என்பது பல்கலைக்கழகத்தின் தேர்வுத்தாளுக்கு மட்டும் உரியதன்று. வீட்டில் இருக்கும் பாட்டிக்கும் அது வேண்டும். பிள்ளையின் பதிவு எவ்வளவு நாள் வைக்கப்படும், யார் பார்ப்பார் என்று எழுதிக் கேட்கலாம். வேறிடத்தில் தேர்வெழுத வசதி உண்டா என்றும் கேட்கலாம்.

எங்கள் தோட்டத்தில் தாய்மார்கள் அப்படி ஒன்றைச் செய்தார்கள். கோவில் மண்டபத்தின் பின்னறை நிர்வாகத்திடம் கேட்டு வாங்கப்பட்டது. மேசை இரண்டு, ஒரு மின்விளக்கு, பிளக் போடும் இடம், கூரைமேல் லைன் இழுக்கும் கருவி. தேர்வு நாளில் அங்கே சின்னப் பிள்ளைகள் போகாமல் ஒரு பாட்டி வாசலில் உட்கார்ந்துகொள்வார். கையில் வெற்றிலை உரல். அதன் சத்தம் தேர்வு நடத்துகிறவருக்குக் கேட்டு, என்ன ஒலி என்று அவர் விசாரித்ததாகவும் சொல்கிறார்கள்.

அந்தப் பெண் 2023இல் படிப்பை முடித்தாள். அவளுடைய தங்கை இப்போது வேறொரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். பெரும்பாலும் வளாகத்தில், சில பாடங்கள் மட்டும் இயங்கலையில். அந்த வீட்டுக்கு நான் போன வாரம் போயிருந்தேன். சுவரில் நாட்காட்டி. அதன் ஓரத்தில், கேஸ் கடைக்காரர் எண்ணுக்கும் கிளினிக் எண்ணுக்கும் கீழே, பல்கலைக்கழக உதவிப் பிரிவின் எண்ணைத் தாயார் தம் கையால் எழுதி வைத்திருக்கிறார். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'ராத்திரி பத்து வரைக்கும்' என்றிருந்தது. “அத நானே போன் போட்டுக் கேட்டேன் டீச்சர்” என்றார்.